டாலர்–ரூபாய் பழைய விலைப் பட்டியல்கள்: எது எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

உலக வங்கியின் தரவுத் தளத்தில் 1966-ம் வருடத்துக்கு ஒரு டாலர் எத்தனை ரூபாய் என்று பார்த்தால் 6.36 என்று இருக்கும். அந்த வருடத்தில் ஒரு நாள்கூட டாலர் அந்த விலைக்குக் கை மாறியதில்லை. ஜூன் 5 வரை 4.76, ஜூன் 6 முதல் 7.50. ஐந்து மாதச் சொச்சம் ஒரு விலை, மிச்ச மாதங்களுக்கு இன்னொரு விலை. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டதில் பிறந்த எண் அது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் 1966 மார்ச் மாதத்து பில் ஒன்றை அந்த எண்ணை வைத்து ரூபாயாக்கினால், உண்மைத் தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும்.

பழைய டாலர் விலை தேடுகிறவர்கள் பலவகை. வரி கட்டுகிறவர், ஏற்றுமதி பில் போடுகிறவர், ஆய்வேடு எழுதும் மாணவர், அப்பா எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தைக் கணக்குப் பார்க்கிறவர். எல்லாரும் ஒரே தேடுபெட்டியில் ஒரே கேள்வியைப் போட்டு, முதலில் வந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் முக்கியமான களஞ்சியங்களை இங்கே எடை போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிடமும் கேட்டவை இவைதாம்: எந்த ஊரில் எத்தனை மணிக்கு எடுத்த விலை? வங்கி வாங்கும் விலையா, விற்கும் விலையா, இரண்டுக்கும் நடுவா? ஒரு நாளின் விலையா, சராசரியா? அரசு நிர்ணயித்ததா, சந்தையில் நடந்ததா? இந்த நான்குக்கும் பதில் சொல்லாத தளத்தில் நான்கு தசம இடம் வரை எண் இருந்தாலும் பயனில்லை.

உலக வங்கி

1960-லிருந்து வருடத்துக்கு ஒரு எண். ஐ.எம்.எஃப். தொகுப்பிலிருந்து வருவது. நீண்ட கால வரைபடம் போட, நாடுகளை ஒப்பிட, பொருளாதாரக் கட்டுரைக்கு அட்டவணை தயாரிக்க நல்லது. அதைத் தாண்டி எதற்கும் வேண்டாம்.

சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் முதல் நான்கு வரி தலைப்புக் குப்பை. ஐந்தாவது வரியில்தான் வருடங்கள் தொடங்கும். வருடங்கள் கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போகும். எக்செலில் ‘டிரான்ஸ்போஸ்’ செய்து திருப்பிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. உண்மையான சிக்கல் 1992.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வருடாந்தரச் சராசரியையும் உலக வங்கியின் சராசரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1990-ல் ஃபெட் 17.49, உலக வங்கி 17.50. 1994-ல் 31.39, 31.37. ஒரு பைசா, இரண்டு பைசா வித்தியாசம்; யாரும் கவலைப்படத் தேவையில்லை. 1992-க்கு வந்தால் ஃபெட் 28.16 என்கிறது, உலக வங்கி 25.92 என்கிறது. இரண்டே கால் ரூபாய் இடைவெளி. யாரும் தட்டச்சில் பிழை செய்யவில்லை. அந்த வருடம் டாலருக்கு இந்தியாவில் இரண்டு விலை இருந்தது.

1991 ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு படியாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 21 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 26-ஐ நெருங்கியது. அடுத்த வருடம் மார்ச் 1 முதல் ‘லெர்ம்ஸ்’ என்ற தாராளமயச் செலாவணி ஏற்பாடு வந்தது. ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதத்தை அரசு விலைக்குக் கொடுக்க வேண்டும். மீதி 60 சதவீதத்தைச் சந்தை விலைக்கு விற்கலாம். கச்சா எண்ணெய், உரம், உயிர்காக்கும் மருந்து போன்ற இறக்குமதிகளுக்கு அரசு விலை டாலர். அரசு விலை 26, சந்தை விலை 30 என்று வைத்துக்கொண்டால் 100 டாலர் கொண்டுவந்தவர் கைக்கு 2,840 ரூபாய் வரும். அதாவது அவருடைய விலை 28.40, இரண்டிலும் சேராத மூன்றாவது எண். 1993 மார்ச் 1-ல் இரண்டு விலையும் ஒன்றாயின. டாலர் 31 ரூபாய்ச் சொச்சத்தில் நின்றது.

உலக வங்கியின் வரிசை இந்தக் காலம் முழுக்க அரசு விலையையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் 1993-க்கான எண் 30.49. முதல் இரண்டு மாதத்துக்கு 26-ஐ ஒட்டிய அரசு விலை, பிறகு பத்து மாதத்துக்கு 31.37 என்று போட்டுப் பார்த்தால் அந்த எண் அப்படியே வருகிறது. ஃபெட் வரிசை அரசு விலையோடு நின்றுவிடவில்லை. ஆகவே 1992 மார்ச் முதல் 1993 பிப்ரவரி வரையான காலத்துக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் தந்து, அடிக்குறிப்பு எதுவும் போடாத பட்டியலை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி புள்ளிவிவரங்களை எடுத்தாளும் அட்டவணைகளில் 1992-93 நிதியாண்டுக்கு 26.41 என்றும் 30.65 என்றும் இரு எண்கள் கண்ணில் படும். முன்னது அரசு விலை, பின்னது சந்தை.

இலங்கை ரூபாய்க்கும் இதே பொறி உண்டு. 1968 மே முதல் 1977 நவம்பர் வரை அங்கே அரசு விலைக்கு மேல் ஒரு கூடுதல் கட்டணத்தோடு செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை ஓடியது. 1972-லிருந்து அந்தக் கூடுதல் 65 சதவீதம். அரசு விலையை மட்டும் தரும் பட்டியலில் அந்தப் பத்து வருடமும் டாலர் மலிவாகக் கிடைத்ததுபோலத் தெரியும்.

ஃபெடரல் ரிசர்வ், ‘ஃப்ரெட்’

தினசரி விலை வேண்டும், பின்னோக்கி வெகுதூரம் போக வேண்டும் என்றால் செயின்ட் லூயிஸ் ஃபெட் நடத்தும் ‘ஃப்ரெட்’ தளம்தான் முதல் தேர்வு. டாலர்–ரூபாய் தினசரி வரிசை 1973 ஜனவரி 2-ல் தொடங்குகிறது. வரிசையின் குறியீடு டிஇஎக்ஸ்ஐஎன்யுஎஸ். முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மாதச் சராசரி வரிசை வரும். பதிவு செய்யத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, எக்செலாகவும் சிஎஸ்வியாகவும் இறங்கும். வரைபடத்தைத் திருத்தும் பெட்டிக்குள் போனால் தினசரியை மாதமாகவோ காலாண்டாகவோ மாற்றலாம். அப்போது ‘சராசரி’, ‘கூட்டுத்தொகை’, ‘காலக் கடைசி’ என்று மூன்று தேர்வு இருக்கும். எதையும் தொடாமல் விட்டால் சராசரிதான் வரும். மாதக் கடைசி விலை தேவைப்பட்டவர்கள் இதைக் கவனிக்காமல் சராசரியை இறக்கிக்கொண்டு போவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இந்த விலை நியூயார்க்கில் நண்பகல் 12 மணிக்கு எடுத்தது. கோடையில் அது நம் நேரப்படி இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மும்பையின் வங்கிச் சந்தை மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மாலையில் பெரிய செய்தி ஏதாவது வந்தால் ஃபெட் வரிசையில் அன்றைக்கே தெரியும். ரிசர்வ் வங்கி வரிசையில் மறுநாள்தான். இரண்டையும் நாளுக்கு நாள் பொருத்திக் கழித்துப் பார்த்து ‘வித்தியாசம் இருக்கிறதே’ என்று திகைப்பதில் அர்த்தமில்லை. விடுமுறைகளும் அமெரிக்க விடுமுறைகள். நன்றி நவிலும் நாளில் மும்பையில் வியாபாரம் நடந்திருக்கும், ஃப்ரெட்டில் காலியாக இருக்கும். தீபாவளியன்று நேர்மாறு. காலிக் கட்டத்தை எக்செல் சில சூத்திரங்களில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் சராசரி சரிந்துவிடும். முதலில் காலி வரிகளை வடிகட்டிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

தரவு தினமும் ஏறுவதில்லை. முந்தைய வார விலைகளை ஃபெட் திங்கட்கிழமைகளில் வெளியிடும். நேற்றைய விலை தேடுகிறவருக்கு இது உதவாது.

இன்னொரு நுணுக்கம். இந்தப் பட்டியலில் ரூபாய், யென் எல்லாம் ‘ஒரு டாலருக்கு எத்தனை’ என்று இருக்கும். பவுண்டு, யூரோ, ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர் மட்டும் தலைகீழாக, ‘ஒன்றுக்கு எத்தனை அமெரிக்க டாலர்’ என்று இருக்கும். ஆகவே பவுண்டுக்கு ரூபாய் விலை வேண்டுமானால் இரண்டையும் பெருக்க வேண்டும். யென்னுக்கு வகுக்க வேண்டும். சராசரிகளைப் பெருக்கி வரும் எண், தினசரி விலைகளைப் பெருக்கி அப்புறம் எடுத்த சராசரியோடு ஒத்துப்போகாது. முதலில் நாள்வாரியாக மாற்றிவிட்டுக் கடைசியில் சராசரி எடுப்பதே முறை.

1973-க்கு முன்னால்

இங்கேதான் இணையத்தில் குப்பை மலிந்து கிடக்கிறது. ‘1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய்’ என்ற வரி வருடா வருடம் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றும். அதே வரியை முதல் கட்டமாக வைத்து அட்டவணை போட்ட தளங்களும் இருக்கின்றன. ஒரு தளத்தின் தரத்தைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை: 1947-க்கு 1.00 என்று போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடலாம்.

சரியான எண்ணை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ், 1927-ல் சட்டமானது. பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால் ஒரு பவுண்டு 13.33 ரூபாய். பவுண்டின் டாலர் விலை 4.03. வகுத்தால் 3.31. இந்தியா 1946 டிசம்பரில் ஐ.எம்.எஃப்.பிடம் அறிவித்த சம மதிப்பும் ரூபாய்க்கு 30.225 சென்ட், அதைத் திருப்பிப் போட்டாலும் 3.31-தான். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்கியது, இந்தியாவும் கூடவே இறங்கியது. 13.33-ஐ 2.80-ஆல் வகுத்தால் 4.76. அந்த விலை 1966 ஜூன் வரை அசையவில்லை. பாகிஸ்தான் 1949-ல் இறக்க மறுத்துவிட்டது. 1955 வரை அங்கே டாலர் 3.31-லேயே நின்றது. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்று கணக்கு வந்து, எல்லையில் சணல் வியாபாரமே முடங்கிப்போனது. அந்தக் காலத்து ‘ரூபாய்’ என்று ஏதாவது ஆவணத்தில் கண்டால் எந்த நாட்டு ரூபாய் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1966 குறைப்பைப் பற்றிப் படிக்கும்போது சில இடங்களில் 36.5 சதவீதம் என்றும் சில இடங்களில் 57.5 சதவீதம் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நிகழ்ச்சி. ரூபாய் எவ்வளவு இழந்தது என்று பார்த்தால் முன்னது. டாலர் எவ்வளவு விலை ஏறியது என்று பார்த்தால் பின்னது. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி இறங்கியபோது இந்தியா கூடப் போகவில்லை, இலங்கை போனது. இரண்டு நாட்டிலும் 4.76 என்று தொடங்கிய கதை இப்படிப் பிரிந்தது: இந்தியா ஏற்கெனவே 7.50, இலங்கை 5.95.

இவற்றையெல்லாம் மூலத்தோடு சரிபார்க்க, அதே செயின்ட் லூயிஸ் ஃபெட்டின் ‘ஃப்ரேசர்’ மின்நூலகத்தில் ‘ஃபெடரல் ரிசர்வ் புல்லட்டின்’ மாத இதழ்கள் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. ஒவ்வோர் இதழின் பின்பகுதியிலும் அந்நியச் செலாவணிப் பட்டியல் இருக்கும். இந்திய ரூபாய்க்குத் தனி நெடுவரிசை உண்டு. எண்கள் சென்ட்டில்: ரூபாய்க்கு எத்தனை சென்ட் என்று. 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் டாலருக்கான ரூபாய் கிடைக்கும். ஸ்கேனிலிருந்து எடுக்கும் எழுத்துணரி 3-ஐ 8 என்றும், புள்ளியை ஒன்றுமில்லை என்றும் படித்துவிடும். ஆகவே நகலெடுத்து ஒட்டாமல் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. பொறுமை வேண்டும். ஆனால் எழுபதுகளுக்கு முந்தைய மாதவாரி விலைக்கு இலவசத்தில் இதைவிட நம்பகமான இடம் எளிதில் கிடைக்காது.

ரிசர்வ் வங்கியும் எஃப்பிஐஎல்லும்

ஒப்பந்தத்தில் ‘ரெஃபரன்ஸ் ரேட்’ என்று எழுதியிருந்தால் அது நாள்தோறும் வெளியாகும் இந்த அதிகாரபூர்வ விலைதான். ரிசர்வ் வங்கி தளத்தின் ரெஃபரன்ஸ் ரேட் காப்பகத்தில் தொடக்க நாள், முடிவு நாள் கொடுத்து, டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் நாள்வாரிப் பட்டியல் வரும். யென் மட்டும் நூறு யென்னுக்கான விலை. நூறால் வகுக்க மறந்தால் கணக்கு நூறு மடங்கு ஊதிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வரிசை மாதிரி இருக்கும் இது, உள்ளே மூன்று துண்டு. 2016 மே 2-க்கு முன்பு, தேர்ந்தெடுத்த சில வங்கிகளிடம் நண்பகலில் கேட்டுத் தொகுத்த விலை. அதன் பிறகு, காலை 11.30-க்கும் 12.30-க்கும் இடையே குலுக்கலில் வரும் ஒரு கால் மணி நேரத்தில் நிஜமாகவே நடந்த வியாபாரங்களின் எடையிட்ட சராசரி. 2018 ஜூலை 10 முதல் அதைக் கணக்கிட்டு வெளியிடும் பொறுப்பு எஃப்பிஐஎல் என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. முறை ஏன் மாறியது என்பது புரிந்துகொள்ள எளிது. வாயால் சொல்லும் விலையை வளைக்க முடியும். நடந்து முடிந்த வியாபாரத்தை, அதுவும் எந்தக் கால் மணி நேரம் என்று முன்கூட்டித் தெரியாதபோது, வளைப்பது கடினம். தேசியப் பங்குச் சந்தையின் டாலர் வாயிதாக்கள் (முன்பேர ஒப்பந்தங்கள்) முடிவாவதும் இந்த விலையில்தான் என்பதால் அந்தக் கண்டிப்பு அவசியம்.

குறை என்று சொல்லப்போனால், அது குறையல்ல, இயல்பு: நண்பகலை ஒட்டிய விலை அன்றைய நாளின் கதை முழுவதையும் சொல்லாது. 2013 ஆகஸ்ட் 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய் அன்றைக்கு வரலாறு காணாத வீழ்ச்சி கண்டது. அன்றைய ரெஃபரன்ஸ் ரேட் 68.36, சந்தை முடியும்போது 68.80. மறுநாள் பத்திரிகைத் தலைப்பில் வந்தது பின்னது. ‘ரூபாயின் வீழ்ச்சி’ என்று கட்டுரை எழுதுகிறவர் ரெஃபரன்ஸ் ரேட்டை வைத்து எழுதினால் வாசகர் பழைய செய்தித்தாளைக் காட்டிச் சண்டைக்கு வருவார்.

மாத, வருடச் சராசரிகளுக்கு ரிசர்வ் வங்கியின் ‘டிபிஐஇ’ தரவுத் தளத்துக்குப் போக வேண்டும். வருடாந்தர வரிசை 1970-71-லிருந்து உண்டு. சராசரியும் வருடக் கடைசி விலையும் தனித்தனியாக இருக்கும். இங்கே வருடம் என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. 1991-92-க்கான சராசரி 24.47. உலக வங்கியின் 1991-க்கான எண் 22.74. ஒன்றேமுக்கால் ரூபாய் வித்தியாசம், வருடம் தொடங்கும் மாதத்தால் மட்டும். இரண்டு அட்டவணையை ஒட்டி ஒரே வரைபடம் போடுகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். காலண்டர் வருடச் சராசரியும் அதே தளத்தில் வேறொரு அட்டவணையில் இருக்கிறது. தேடி எடுக்க வேண்டும். தேடுவது சுகமான அனுபவம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டவணையின் சரியான பெயர் தெரிந்திருந்தால் பிழைத்தோம்.

இறக்கிய கோப்பில் தேதி நாள்/மாதம்/வருடம் என்று இருக்கும். கணினியில் அமெரிக்கத் தேதி அமைப்பு இருந்தால் எக்செல் 05/06-ஐ மே 6 ஆக்கிவிடும். 12-ம் தேதிக்கு மேல் உள்ளவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். திறக்கும்போதே ‘டேட்டா’ பகுதியிலிருந்து இறக்குமதி செய்து, தேதி வடிவத்தைச் சொல்லிவிட்டால் தொல்லையில்லை.

நிரலில் இணைக்க

செயலியிலோ கணக்கு மென்பொருளிலோ தானாக விலை வர வேண்டும் என்கிறவர்களுக்கு ‘ஃப்ராங்க்ஃபர்ட்டர்’ நல்ல சேவை. சாவி (அனுமதிக் குறியீடு) வேண்டாம், கட்டணம் இல்லை. அதன் அடிப்படை ஐரோப்பிய மத்திய வங்கியின் யூரோ விலைகள்; அவை 1999 ஜனவரி 4-லிருந்து இருக்கின்றன. ரூபாய் அந்தப் பட்டியலில் 2009-ல்தான் சேர்ந்தது. இலங்கை ரூபாய் அந்தப் பட்டியலில் இல்லை.

டாலர்–ரூபாய் விலை அங்கே நேரடியாக எடுத்தது அல்ல. யூரோ–ரூபாயை யூரோ–டாலரால் வகுத்து வருவது. இரண்டும் நான்கு தசம இடத்துக்கு வெட்டப்பட்டவை என்பதால் வகுத்த எண்ணில் அரைப் பைசாவுக்குள் பிசகு இருக்கலாம். இது ஒன்றும் பெரிதல்ல. விலை எடுக்கும் நேரம் மத்திய ஐரோப்பாவில் பிற்பகல் 2.10, நம் மாலை 5.40 அல்லது 6.40. ரிசர்வ் வங்கியின் எண்ணோடு பைசாவுக்குப் பைசா ஒத்துப்போகாததற்கு முதல் காரணம் அதுதான். விடுமுறை நாளைக் கேட்டால் பிழை காட்டாது. முந்தைய வேலை நாளின் விலையை அந்த நாளின் தேதியோடு அனுப்பும். நிரல் எழுதுகிறவர் கேட்ட தேதியையும் வந்த தேதியையும் இரண்டு கட்டங்களாகச் சேமித்தால் பின்னால் தணிக்கையில் தலைவலி இருக்காது.

கூகுள் ஷீட்ஸில் ‘கூகுள்ஃபைனான்ஸ்’ சூத்திரம் இருக்கிறது. டாலர்–ரூபாய் இணை, விலை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நாள்தோறும் என்று ஐந்தையும் கொடுத்தால் நொடியில் பட்டியல் வரும். வீட்டுக் கணக்குக்குப் போதும். ஆனால் தேதிக் கட்டத்தில் தேதியோடு 23:58 என்று நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வைத்து, தேடிப் பொருத்தும் ‘விலுக்அப்’ சூத்திரத்தைப் போட்டால் எதுவும் பொருந்தாமல் பிழை காட்டும். தேதிக் கட்டத்தை ‘இன்ட்’ போட்டு முழு எண்ணாக்கிவிட்டால் சரியாகிவிடும். சனி, ஞாயிறுக்கும் எண் வரும் என்பதால் மாதச் சராசரியில் வெள்ளிக்கிழமை விலைக்கு மூன்று மடங்கு எடை விழுந்துவிடும். வார இறுதிகளை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். ஆடிட்டரிடமோ அதிகாரியிடமோ இதைக் காட்ட முடியாது.

யாகூ ஃபைனான்ஸை நிறையப் பேர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து பழைய விலைகளைக் கோப்பாக இறக்குவது கட்டணச் சந்தாக்காரர்களுக்கு மட்டும். திரையில் பார்க்கலாம், அவ்வளவே.

வரிக்கும் சுங்கத்துக்கும்

மேலே சொன்ன எதுவும் இங்கே செல்லாது. வெளிநாட்டு வருமானத்தை ரூபாயாக்க, 1962 வருமான வரி விதிகளின் 115-ம் விதி கேட்பது ஸ்டேட் வங்கியின் ‘டிடி (TT) பையிங்’ விலை. தந்தி மாற்றில் வரும் டாலரை வங்கி வாங்கும் விலை அது. வங்கியின் லாபம் கழிந்த விலை என்பதால் ரெஃபரன்ஸ் ரேட்டைவிட அரை ரூபாய்க்கு மேல் குறைவாக இருப்பது சகஜம். 10,000 டாலர் ஆதாயத்துக்கு 60 பைசா வித்தியாசம் என்றால் 6,000 ரூபாய் வருமானத்தை இல்லாமல் கூட்டிக் காட்டி, அதற்கும் வரி கட்டுகிறோம் என்று அர்த்தம்.

எந்த நாள் விலை என்பதில் இன்னும் அதிகம் தவறுகிறார்கள். பணம் வந்த நாள் அல்ல. டிவிடெண்டுக்கு, அது அறிவிக்கப்பட்ட அல்லது வழங்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். பங்கு விற்ற மூலதன ஆதாயத்துக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி. சம்பளத்துக்கும் அப்படியே, சம்பளம் சேர வேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி. வெளிநாட்டு வங்கிக் கணக்கின் வட்டி போன்ற ‘இதர’ வருமானத்துக்கு மட்டும் மார்ச் 31. ஜூன் 20-ல் வந்த டிவிடெண்டுக்கு மே 31 விலை. அதே கணக்கின் வட்டிக்கு மார்ச் 31 விலை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு விதி எண்ணைப் புதிய தொகுப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கடைசி விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளின் விலையை எடுப்பது வழக்கம். 2024 மார்ச் 31 ஞாயிறு. 29 புனித வெள்ளி. இடையில் இருந்த சனிக்கிழமையில் செலாவணிச் சந்தை இல்லை. ஆக 28-ம் தேதி வியாழன் வரை பின்னால் போக வேண்டியிருந்தது.

இதில் பெரிய குறை என்னவென்றால், ஸ்டேட் வங்கி அன்றாடம் வெளியிடும் ‘கார்டு ரேட்’ (வாடிக்கையாளருக்கான விலைப் பட்டியல்) பிடிஎஃப் ஒரே முகவரியில் இருக்கிறது. இன்றைய கோப்பு ஏறியதும் நேற்றையது போய்விடும். சட்டம் கேட்கும் பழைய விலைக்குப் பொதுமக்கள் போய்ப் பார்க்க ஒரு காப்பகம் இல்லை என்பது வேடிக்கைதான். இந்த ஓட்டையை அடைத்திருப்பது கிட்ஹப்பில் உள்ள ‘எஸ்பிஐ எஃப்எக்ஸ் ரேட்கீப்பர்’ என்ற தன்னார்வக் களஞ்சியம். 2020-லிருந்து அன்றன்றைய பிடிஎஃப்களைச் சேர்த்து, ஒவ்வொரு நாணயத்துக்கும் சிஎஸ்வியாகப் பிரித்துவைத்திருக்கிறது. கூடவே மூலப் பிடிஎஃப்பும் இருப்பதுதான் இதன் பலம். சிஎஸ்வியில் எடுத்த எண்ணை மூலத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தையே அச்செடுத்துக் கோப்பில் வைக்கலாம்.

அந்தப் பிடிஎஃப்பைப் படிப்பதிலும் இரண்டு கண்ணி உண்டு. முதல் பக்கம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த பரிவர்த்தனைக்கு. அடுத்த பக்கம் 10 முதல் 20 லட்சம் வரை. இரண்டு பக்கத்திலும் டாலர் வரி இருக்கும். பிறகு நெடுவரிசைகள்: டிடி, பில், பயண அட்டை, ரொக்கம் என நான்கு வகை, ஒவ்வொன்றிலும் வாங்கும் விலை, விற்கும் விலை. அவசரத்தில் ரொக்க விலையை எடுத்துவிட்டால் டாலருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போய்விடலாம்.

சுங்கத்துக்கு இதுவும் ஆகாது. சுங்கச் சட்டத்தின் 14-ம் பிரிவின்படி அறிவிக்கப்படும் விலைதான் செல்லும். இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. மாதத்தின் முதல், மூன்றாவது வியாழக்கிழமை மாலைகளில் வெளியாகி, நள்ளிரவில் அமலாகும். 2024 ஜூலை 4-லிருந்து தனி அறிவிக்கை இல்லாமல் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலேயே தானாக வருகிறது. அதற்கு முந்தையவற்றுக்கு மறைமுக வரி வாரியத்தின் பழைய அறிவிக்கைகளைத் தேட வேண்டும். செல்லும் நாள் இன்வாய்ஸ் தேதி அல்ல. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி அல்லது ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் தாக்கலான தேதி. ஜிஎஸ்டியில் பொருளுக்கு இதே சுங்க விலை, சேவைக்குக் கணக்கியல் நெறிப்படியான விலை என்று 34-ம் விதி பிரிக்கிறது. மென்பொருள் ஏற்றுமதி செய்கிறவர்கள் பலர் சுங்க விலையைப் போட்டுக் குழம்புவது இதனால்தான்.

அமெரிக்காவில் வசித்துக்கொண்டு சென்னை வங்கிக் கணக்கை ‘எஃப்பார்’ படிவத்தில் காட்டுகிறவர்களுக்கு வேறு பட்டியல்: அமெரிக்கக் கருவூலம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது. வருடத்தின் எந்த நாளில் இருப்பு உச்சத்தில் இருந்தாலும், மாற்றுவது டிசம்பர் 31 விலையில். இந்தியாவில் வசித்துக்கொண்டு அமெரிக்கக் கணக்கை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியான ‘ஷெட்யூல் எஃப்ஏ’-வில் காட்டுகிறவருக்கு மறுபடி ஸ்டேட் வங்கியின் டிடி பையிங். இருப்புகள் காலண்டர் வருடக் கணக்கில். ஒவ்வொரு மாதக் கடைசி வேலை நாளிலும் அந்தப் பிடிஎஃப்பை இறக்கித் தேதியைப் பெயராகக் கொடுத்துச் சேமித்துவந்தால் வருடத்துக்குப் பன்னிரண்டு கோப்பு. மார்ச் 31-ம் டிசம்பர் 31-ம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.